அருந்ததி உதிக்காத ஊரிலிருந்து

1

வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட நானே சொல்லிவிடுவது மேல். அருந்ததி உதிக்கவே உதிக்காத ஒரு நாட்டில் உட்கார்ந்துகொண்டு, நாமக்கல்லில் நடக்கும் கல்யாணத்துக்கு நான் அருந்ததி காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்த மடையன் நான்தான். யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் கொடுத்தேன்.

நான் இருப்பது நியூசிலாந்தில், ஹேமில்டன் என்ற ஊரில். பால் பவுடர் தொழிற்சாலையில் வேலை. முட்டைக்குப் பேர்போன ஊரிலிருந்து பாலுக்குப் பேர்போன ஊருக்கு வந்தவன் என்று இங்கே பலரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். மரியாதைக்குக்கூட யாரும் சிரித்ததில்லை.

பூமியில் இவ்வளவு தெற்கே வந்துவிட்டால் வடக்கு வானத்தில் பாதி நமக்குக் கிடையாது. நம் ஊரில் வடக்கே நல்ல உயரத்தில் பார்க்கிற சப்தரிஷி மண்டலம் இங்கே அநேகமாக அடிவானத்துக்குக் கீழேயே கிடக்கிறது. அருந்ததி வருஷம் முழுக்க ஒரு நாளும் எட்டிப் பார்ப்பதில்லை. இதைக் கண்டுபிடித்த அன்று என் மனைவி மலரிடம் பெரிய தத்துவம்போலச் சொன்னேன். அவள் சிங்க்கில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, அருந்ததி உதிச்சிருந்தா மட்டும் இந்தக் குண்டாவக் கழுவிக் குடுத்திருப்பீங்களாக்கும்."

2

என் பொழுதுபோக்கைப் பற்றிச் சொல்லாவிட்டால் மேலே சொல்லப்போவது புரியாது.

வந்த புதிதில் ஒரு தொலைநோக்கி வாங்கினேன். ஹேமில்டனின் மூடுபனியில் அதன் வழியாக நான் பார்த்த அதிகபட்ச தூரம் எதிர்வீட்டுக் குப்பைத்தொட்டி. பனி விலகிய நாட்களில் மேகம் வரும். மேகம் விலகிய நாட்களில் எனக்கு ஷிப்ட் வரும். அந்தத் தொலைநோக்கி இப்போது கராஜில் நிற்கிறது. என் மகன் கவின் ரக்பி ஆடிவிட்டு வந்தால் ஈரத் துண்டை அதன்மேல்தான் காயப்போடுகிறான்.

அப்புறம்தான் வாடகைத் தொலைநோக்கி பற்றித் தெரிந்தது. ஸ்பெயினில், சிலியில், ஆஸ்திரேலியாவில், மேகம் அதிகம் வராத மலைகளில் வரிசையாகத் தொலைநோக்கிகளை நட்டு வைத்திருக்கிறார்கள். நாம் வீட்டில் உட்கார்ந்து கணினியில் நேரத்தை முன்பதிவு செய்துகொள்ளலாம். எந்த நட்சத்திரம், எத்தனை விநாடி என்று எழுதி பட்டனை அமுக்கினால் அங்கே கொட்டகையின் கூரை தானாக நகரும், தொலைநோக்கி தானாகத் திரும்பும், படம் எடுத்து நமக்கு அனுப்பும். நான் அந்த மலைகளில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. அந்தக் கருவிகளில் ஒன்றையும் தொட்டதில்லை. இத்தனை வருஷத்தில் அவற்றில் ஒன்றின் கண்ணாடியிலும் கண்ணை வைத்ததில்லை. ஆனாலும் இங்குள்ள தமிழ்ச் சங்கத்தில் நான்தான் வானியல் நிபுணர். பொங்கல் விழாவில் பத்து நிமிஷம் பேசக் கொடுப்பார்கள், சாப்பாட்டுப் பந்தி தயாராகும்வரை.

"அப்பா, நீங்க ஸ்டார் பாக்கல. லேப்டாப் பாக்குறீங்க," என்பான் கவின். அவனுக்குப் பதினாறு வயது. நாங்கள் தமிழில் கேட்டால் அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்வான். கிண்டலுக்கு மட்டும் தமிழை எடுப்பான். அந்த வகையில் வீட்டில் தமிழ் வாழ்கிறது.

இந்த விஷயத்தை உலகத்திலேயே ஒரே தடவையில் புரிந்துகொண்டவர் என் அக்கா வீட்டுக்காரர். மாமாவுக்கு நாமக்கல் பக்கத்தில் கோழிப்பண்ணையும் கொஞ்சம் தோட்டமும் உண்டு. எந்த விசேஷத்துக்குப் போனாலும் பந்தியில் உட்கார்ந்தபடியே தோட்டத்து மோட்டாரைப் போனில் ஓடவிடுவார். அந்தப் பக்கத்திலிருந்து பதிவுசெய்த ஒரு பெண்குரல், மின்சாரம் வருகிறது, மோட்டார் ஓடுகிறது என்று சொல்லும். நான் ஸ்பெயின், கூரை, கேமரா என்று மூச்சுவிடாமல் விளக்கி முடித்ததும் கேட்டார்.

"அட, நம்ம மோட்டாரு மாதிரி. அவ்வளவுதானுங்க மாப்ள?"

"அவ்வளவுதானுங்க மாமா."

"அதுல தண்ணி வரும். இதுல என்ன வரும்?"

நான் பதில் சொல்வதற்குள் அவர் மோட்டார் நின்றுவிட்டது.

3

அக்கா மகள் சௌமியாவுக்குத் தை மாதம் கல்யாணம் என்று முடிவானது. மாப்பிள்ளை கோகுல், திருச்செங்கோட்டுக்காரர். ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற ரிக் வண்டிக் குடும்பம்.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் தாய்மாமன் இல்லாமல் பந்தக்கால்கூட நேராக நிற்காது. பெண்ணைக் கைபிடித்து மணவறைக்குக் கூட்டிவருவது அவன்தான். முழு நாளும் பட்டுவேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முக்கியமாக நடப்பதும் அவன்தான். நான் ஆறு மாதம் முன்பே வேட்டி வாங்கிவிட்டேன். பாஸ்போர்ட்டைத்தான் பார்க்கவில்லை. பார்த்தபோது அது காலாவதியாகப் போகிற நிலையில் இருந்தது.

புதுப்பிக்கக் கொடுத்தேன். படம் திரும்பி வந்தது. முகத்தில் சிரிப்பு இருக்கக் கூடாதாம். நான் சிரிக்கவில்லை. என் முகமே அப்படித்தான். துக்க வீட்டில்கூட நான் பின்வரிசையில்தான் உட்காருவேன், முன்வரிசையில் இருந்தால் தப்பாக நினைத்துக்கொள்வார்கள் என்று. இரண்டாவது முறை படம் எடுக்கும்போது மலர் பக்கத்தில் நின்று, "உங்க வேலை போயிருச்சுன்னு நெனச்சுக்கங்க," என்றாள். நினைத்தேன். கண் மூடிக்கொண்டது. அதுவும் திரும்பி வந்தது. அலுவலகத்துக்குப் போன் செய்தால், "மிஸ்டர் குப்புசாமி, காத்திருங்கள்," என்பார்கள். குப்புசாமி என் அப்பா. அவர் இருந்திருந்தால் எனக்கு முன்னால் அந்த வேலையை முடித்திருப்பார்.

மூன்றாவது படத்தை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் புது பாஸ்போர்ட் வந்து, அதில் விசாவை மாற்றிக்கொண்டு கிளம்ப முகூர்த்த நாளுக்குள் வழியில்லை என்று தெரிந்துவிட்டது. அக்காவிடம் சொன்னேன். என்னைவிட எட்டு வயது மூத்தவள், சாந்தி என்று பெயர். ஆனால் அன்று சாந்தமாக இல்லை.

"ஏன்டா, சிரிச்சதுக்கா ஊட்டுக்கு உடமாட்டீங்கறான்?"

"சிரிக்கலீங்கக்கா. என்ற மூஞ்சியே அப்பிடித்தானுங்களே."

"அது எனக்குத் தெரியாதா? நீ பொறந்தப்பவே இளிச்சுட்டுத்தான் கெடந்த. இப்ப நா என்னடா பண்றது? மண்டபத்துக்கு ஆயரம் பேரு வருவாங்க. பொண்ணக் கூட்டியாரப்ப தாய்மாமன் எங்க, தாய்மாமன் எங்கன்னு ஒவ்வொருத்தரும் கேப்பாங்க. போட்டோவுல சிரிச்சுப்போட்டான், அதனால வல்லீங்கன்னு சொல்லட்டுமா?"

"அக்கா..."

"வாரேன் வாரேன்னு ஆறு மாசமா சொன்னீல்லடா. நா ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கறேன். மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க முன்னாடி நா எங்க கொண்டுபோயி மூஞ்சிய வெச்சுக்கறது?"

போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு நான் கூப்பிட்டால் எடுக்கவில்லை. மாமாதான் எடுப்பார், அதுவும் பண்ணைக்குள் போய் நின்றுகொண்டு. பின்னணியில் கோழிகள் கத்தும்.

"அவ வெந்து கெடக்கறா மாப்ள. நானே சோத்துக்கு ரெண்டாந்தடவ கொழம்பு கேக்கறதில்லீங்க, பாத்துக்குங்க."

அக்கா என்னோடு பேசாமல் இருந்ததே கிடையாது. திட்டுவாள், திட்டுவதற்காகவாவது கூப்பிடுவாள். இந்த மௌனம் எனக்குப் பழக்கமில்லை. அதை எப்படியாவது உடைக்கவேண்டும் என்று நினைத்தேன். என்னைப் போன்றவர்கள் எப்படியாவது என்று நினைக்க ஆரம்பித்தால் பக்கத்தில் இருப்பவர்கள் உடனே தடுத்துவிட வேண்டும்.

4

எங்கள் கல்யாணம் திருச்செங்கோட்டில் ஒரு மண்டபத்தில் நடந்தது. ஐயர் எங்கள் இருவரையும் வாசல் பக்கம் கூட்டிக்கொண்டு போய், பந்திக்கூடத்துப் புகைபோக்கி இருந்த திசையில் கையைக் காட்டி, "அதோ அருந்ததி. தெரியறதா?" என்றார். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. "தெரியுதுங்க," என்றேன். மலரும் தலையாட்டினாள். அக்கினி சாட்சியாக நாங்கள் இருவரும் சேர்ந்து சொன்ன முதல் பொய் அதுதான். அப்புறம் சொன்னதெல்லாம் தனித்தனியாக.

இது நினைவுக்கு வந்ததும் எனக்குள் விளக்கு எரிந்தது. முகூர்த்தம் நாமக்கல்லில் காலை ஏழு மணி என்றால் ஸ்பெயினில் நல்ல இருட்டு. அங்கே சப்தரிஷி மண்டலம் உயரத்தில் நிற்கும். எனக்கோ மத்தியானம், வீட்டில் இருப்பேன். தாலி கட்டி முடித்ததும் மண்டபத்து எல்.ஈ.டி. திரையில் அந்த நேரத்து அருந்ததியை, உண்மையான அருந்ததியை, நான் காட்டினால்? நான் இல்லாத நாட்டில் இருக்கிற கருவியை வைத்து, நான் வர முடியாத கல்யாணத்துக்கு, என் தலைக்கு மேல் உதிக்காத நட்சத்திரத்தை! ஊரில் எந்தத் தாய்மாமன் இதைச் செய்திருக்கிறான்?

மாமாவிடம் சொன்னேன். போன் ஸ்பீக்கரில் இருந்திருக்கிறது. சௌமியா குதித்தாள். "மாமா, நெசமாலுமே தெரியுமா? சும்மா தலையாட்ட வேண்டியதில்லியா?"

"தெரியும் சாமி. என்ற பொறுப்பு."

தூரத்திலிருந்து அக்காவின் குரல் கேட்டது. என்னிடம் அல்ல, சுவரிடம் பேசினாள். "நட்சத்தரம் வந்து என்னத்துக்கு ஆவுது? காட்டறவன் வரோணும்."

ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

பிறகு ஒவ்வொரு வாரமும் ஒத்திகை. ஸ்பெயினில் இருக்கும் ஒரு சின்னத் தொலைநோக்கியைப் பிடித்துக்கொண்டேன். வானத்தில் அகலமான பரப்பைப் படம் பிடிக்கிற வகை அது. சப்தரிஷி மண்டலத்தின் வால் பக்கம், வசிஷ்டர் பெரிய வெள்ளைப் பொட்டாக, பக்கத்தில் அருந்ததி சின்னப் பொட்டாக, அழகாக வந்தார்கள். அந்தப் படத்தை கவினிடம் காட்டி அருந்ததியின் கதையைச் சொன்னேன். வசிஷ்ட முனிவரின் மனைவி, கற்புக்கு உதாரணம், புருஷனை விட்டுப் பிரியாதவள், அதனால்தான் புதுப்பெண்ணுக்கு அவளைக் காட்டுவது வழக்கம் என்று.

அவன் படத்தை விரலால் அளந்தான். "பிரியாதவன்னா ஏன் இவ்ளோ தள்ளி நிக்கறாங்க?"

"அது வந்து... வானத்துக் கணக்குல அது பக்கம்டா."

சமையலறையிலிருந்து மலர் சொன்னாள், "தள்ளி நிக்கறான்னா அவளுக்கு என்ன காரணமோ. நமக்கென்ன தெரியும்?"

இந்த வீட்டில் உண்மையான வானியல் நிபுணர் யார் என்று எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

5

கல்யாண நாள். சட்டைக்குக் கீழே பட்டுவேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மேஜைக்குக் கீழே தெரியாது, இருந்தாலும் தாய்மாமன் தாய்மாமன்தான். மண்டபத்தில் என் சித்தப்பா மகன் செந்தில் ஒரு லேப்டாப்பைப் பெரிய திரையோடு இணைத்து வைத்திருந்தான். இன்னொரு போனில் மண்டபத்தை எனக்குக் காட்டிக்கொண்டிருந்தான். மேடையின் ஓரத்தில் ஓமலூரிலிருந்து வந்த வீடியோக்காரர் ஒருவர் திரையைக் கையாண்டுகொண்டிருந்தார். என் குரல் மண்டபத்து ஒலிபெருக்கியில் வரும்படி ஏற்பாடு. யாருடைய யோசனை என்று கேட்காதீர்கள்.

சௌமியாவைக் கைபிடித்துக் கூட்டிவந்தது செந்தில்தான், போனைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு. அக்கா அவர்களுக்குப் பின்னால் வந்தாள். இருபுறமும் பார்த்துக்கொண்டே வந்தாள், யார் முதலில் கேட்கப்போகிறார்கள் என்பதுபோல. எனக்கு அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஸ்பெயின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அங்கேதான் முதல் அடி. நான் ஒத்திகை பார்த்த சின்னத் தொலைநோக்கியின் கொட்டகையில் ஈரப்பதம் கூடிவிட்டதாம், கூரை திறக்காது. அதற்குப் பதிலாகப் பக்கத்து மேட்டில் இருக்கும் பெரிய தொலைநோக்கியில் உங்களுக்கு இடம் கொடுத்திருக்கிறோம் என்று செய்தி வந்திருந்தது. பெரியது! எனக்குப் பெருமை தாங்கவில்லை. நம் அதிர்ஷ்டம், சின்ன வண்டி கேட்டால் பஸ்ஸையே அனுப்பியிருக்கிறான் என்று கவினிடம் சொன்னேன்.

"டெஸ்ட் பண்ணீங்களா?" என்றான். அவன் அன்று என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்ததே பெரிய விஷயம்.

"எல்லாம் ஒரே வானம்தான்டா."

தாலி ஏறியது. கெட்டிமேளம் ஓய்ந்தது. ஐயர், "அருந்ததி பார்க்கணும்," என்று வாசல் பக்கம் திரும்பினார். செந்தில் அவரைத் திரை பக்கம் திருப்பினான். ஒலிபெருக்கியில் என் குரல், "எல்லாருக்கும் வணக்கமுங்க," என்று அதிர்ந்தது. முதல் படத்தை அனுப்பினேன்.

திரையில் இரண்டு பெரிய வெள்ளைக் குமிழ்கள் வந்து உட்கார்ந்தன. பழைய கணக்கிலேயே நீண்ட நேரம் வெளிச்சத்தை வாங்கியதால், பெரிய கண்ணாடியில் அது அளவுக்குமேல் பொங்கிவிட்டது. மண்டபத்தில் பாதிப் பேர் கோழிப்பண்ணைக்காரர்கள்.

"ஆப்பாயிலுங்களா அது?" என்று முன்வரிசையில் ஒரு குரல்.

"டபுளுங்க," என்றது இன்னொன்று.

"ஒரு நிமிஷமுங்க, இப்பத் தெளிவாக் காட்டறேன்," என்று நேரத்தைக் கண்ணிமைக்கும் அளவுக்குக் குறைத்து இன்னொரு படம் எடுத்தேன். வந்தது. கூர்மையான, அழகான, வைரம்போன்ற படம். வலது ஓரத்தில் தன்னந்தனியாக அருந்ததி. இடது பக்கம் வசிஷ்டர். வசிஷ்டரை ஒட்டி, தோளோடு தோள் உரசிக்கொண்டு, இன்னொரு நட்சத்திரம்.

வசிஷ்டர் ஒற்றை நட்சத்திரம் இல்லை. தொலைநோக்கியில் பார்த்தால் இரண்டு. வானம் பார்க்கிறவன் எவனும் முதல் வாரத்தில் படிக்கிற பாடம் இது. எனக்கும் தெரியும். ஆனால் ஒத்திகை பார்த்த சின்னத் தொலைநோக்கியில் இரண்டும் ஒரே வெளிச்சமாகக் கலந்துதான் வந்தன. அதனால் அது என் ஞாபகத்திலேயே இல்லை. கல்யாண மண்டபத்தில் ஆயிரம் பேர் முன்னால் ஞாபகம் வந்தது.

யாரும் கவனிக்காமல் விட்டிருப்பார்கள். ஆனால் அந்த ஓமலூர் வீடியோக்காரர் தொழிலில் அக்கறை உள்ளவர். ஏதோ ஒட்டிக்கொண்டு தெரிகிறதே என்று அவராகவே அந்த இடத்தைப் பெரிதாக்கினார். பெரிதாக்கப் பெரிதாக்க அருந்ததி மெல்ல நகர்ந்து திரையை விட்டே வெளியே போய்விட்டாள். பன்னிரண்டு அடித் திரையில் மிஞ்சியது வசிஷ்டரும், பக்கத்தில் அவளும்.

மாப்பிள்ளையின் பெரியப்பா பொன்னுசாமி, திருச்செங்கோட்டில் நாலு ரிக் வண்டி வைத்திருப்பவர், மேடைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். செந்திலின் போனைப் பார்த்துக் கேட்டார்.

"ஏனுங் தம்பி, பெரியவரு எதுங்க?"

"அந்த... பெரிசா இருக்கறதுங்க."

"செரி. பக்கத்துல ஒட்டிட்டு நிக்கறது அருந்ததீங்களா?"

அங்கே நான், ஆமாங்க, என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். என் கல்யாணத்தில் புகைபோக்கியைப் பார்த்துச் சொன்னவன்தானே நான். ஆனால் அறிவியல் குறுக்கே வந்தது.

"இல்லீங்க. அருந்ததி வெளிய போயிட்டாங்க."

"அப்ப இது யாருங்க?"

"இது... வசிஷ்டரு கூடவே இருக்கறதுங்க. ரெண்டும் ஒன்னைய ஒன்னு சுத்திட்டே இருக்கும். பல ஆயிரம் வருசமாவே."

"அருந்ததி அம்மாவுக்குத் தெரியுமுங்களா?"

முதல் சிரிப்பு பின்வரிசையில் கிளம்பியது. கவின் என் கையைப் பிடித்து இழுத்தான், பேசாதே என்று. நான் பேசினேன். மூன்றாவது ஆளை நியாயப்படுத்த ஒரே வழி கூட்டத்தைப் பெரிதாக்குவது என்று என் மூளைக்குப் பட்டது.

"தப்பா நெனைக்காதீங்க. பாக்கறதுக்குத்தான் இது ரெண்டு. உள்ள பாத்தா அந்த ரெண்டும் நாலுங்க. அருந்ததிகூட ஒருத்தரில்லீங்க, ரெண்டு பேரு. ஆகமொத்தம் ஆறு."

பொன்னுசாமி ஒரு விநாடி யோசித்தார். ஆயிரம் அடி இறக்கிவிட்டு, தண்ணீரா பாறையா என்று குழாயில் காது வைத்துக் கேட்கிறவரின் யோசனை. பிறகு மண்டபத்துப் பக்கம் திரும்பி உரக்க அறிவித்தார்.

"ஒன்னுமில்லீங்க, கூட்டுக் குடும்பம்! அருந்ததி அம்மா மட்டும் சண்ட போட்டுட்டு தனி ஊடு போயிருக்கறாங்க!"

மண்டபம் வெடித்தது. நாதஸ்வரக்காரர் கருவியை மடியில் வைத்துவிட்டுச் சிரித்தார். ஐயர் மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். புது மாப்பிள்ளையை நோக்கி யாரோ, "மாப்ள, வசிஷ்டரு மாதிரி இருந்துபோடாதீங்கோ," என்று கத்த, சௌமியா குனிந்து சிரித்து அவளுடைய நெற்றிச்சுட்டி கழன்று விழுந்தது. கவின் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து சிரித்தான். கூட்டுக் குடும்பம் என்றால் என்ன என்று அவன் என்னிடம் கேட்கவேயில்லை.

சிரிக்காதது இரண்டே பேர். நானும் அக்காவும். செந்திலின் போன் திரையில் அக்காவின் முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது. அப்புறம் அவள் உள்ளங்கை வந்தது. அப்புறம் எதுவும் வரவில்லை.

6

அதற்குப் பிறகு என் நாட்கள் எப்படிப் போயின என்று சொல்ல வேண்டுமா? தொழிற்சாலையில் பால் பவுடரின் ஈரத்தைச் சோதித்துக்கொண்டே, அக்கா எந்த வார்த்தையில் ஆரம்பிப்பாள் என்று யோசிப்பேன். வெளிநாட்டில் இருப்பவனுக்கு இது ஒரு தனி வேதனை. ஊரில் இருந்தால் நேராகப் போய் வாசலில் நின்று நாலு வசவு வாங்கிக்கொண்டு, அங்கேயே சாப்பிட்டுவிட்டு வந்திருக்கலாம். இங்கிருந்து வசவைக்கூட அவர்களாக அனுப்பினால்தான் உண்டு. பட்டனை அமுக்கினால் ஸ்பெயினில் கூரை திறக்கிறது. நாமக்கல்லில் ஒரு போன் எடுக்கப்படவில்லை.

செந்தில் செய்தி அனுப்பினான். திருச்செங்கோட்டில் யாராவது ஒரு வேலையில் மூன்றாவது ஆளைச் சேர்த்தால், வசிஷ்டர் பண்ணிட்டான் என்று சொல்கிறார்களாம். வீடியோக்காரர் அந்தப் படத்தை ஆல்பத்தில் நடுப்பக்கத்தில் வைத்து, மணமக்களை இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவே நிற்கவைத்துவிட்டாராம். எந்த இரண்டு என்று நான் கேட்கவில்லை. கவின் மட்டும் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தான். ஒரு நாள் காலை உணவின்போது, "ஏனுங் தம்பி, பெரியவரு எதுங்க?" என்று பொன்னுசாமியின் குரலிலேயே சொல்லி ரொட்டிக்கு ஜாம் கேட்டான். பதினாறு வருஷத்தில் எங்கள் ஊர்ப் பேச்சில் அவன் பேசிய முதல் முழு வாக்கியம் அதுவாக இருக்கலாம். மலர் என்னைப் பார்த்தாள். நான் ஜாமைக் கொடுத்தேன்.

மாமாவுக்குப் போன் செய்து தூது கேட்டேன். கோழிகள் கத்தின.

"மாமா, அக்கா இன்னும் கோவமாத்தான் இருக்கறாங்களா?"

"தெரியலீங் மாப்ள. ஆனா நேத்து ரெண்டாந்தடவ கொழம்பு ஊத்துனா."

"நல்ல சகுனந்தானுங்க?"

"அதுதானுங்க, எனக்கே பயமா இருக்குது."

மறுவீடு, விருந்து எல்லாம் முடிந்து, சௌமியா திருச்செங்கோட்டில் குடியேறிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்காவே கூப்பிட்டாள். நான் எழுந்து நின்றுகொண்டு எடுத்தேன். மன்னிப்பை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

"அக்கா, தப்புத்தானுங்க. சின்னத் தொலைநோக்கி கெடைக்கல, பெருசுல..."

"அதைய உடு. சாப்ட்டியா?"

"சாப்ட்டனுங்க. அக்கா, உங்களுக்கு அன்னைக்கு எவ்வளவு அவமானமா..."

"அவமானமா? பொன்னுசாமி மாமா பந்தில உக்காந்துட்டு அதையே நாலு தடவ சொன்னாரு. ஐயரு தச்சணை வாங்கறப்பவும் சிரிச்சாரு. ஊட்டுக்கு வாரவங்கல்லாம் இன்னைக்கு வரைக்கும் அதையே கேட்டுட்டு இருக்கறாங்க."

"மன்னிச்சுருங்கக்கா. நீங்க ஏற்கனவே, தாய்மாமன் எங்கன்னு எல்லாரும் கேப்பாங்களேன்னு கலங்கீட்டு இருந்தீங்க. அதுக்கு மேல நானும்..."

"அட, நா சொல்றதக் கேளுடா. தாய்மாமன் எங்கன்னு ஒருத்தரு, ஒரே ஒருத்தருகூடக் கேக்கலடா. அத்தனை பேரும் வசிஷ்டரு பக்கத்துல நின்னவ யாருன்னுதான் கேட்டாங்க. நீ வராதது ஒரு சனத்துக்கும் தெரியவே இல்ல, போ."